கலியாணப் பொருத்தம்: கொழும்பில அடிக்கடி கேக்கிற கேள்வியள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் கலியாணம் பேசிற வீடுகள்ல திரும்பத் திரும்ப வாற கேள்வியளை இதில ஒண்டாப் போட்டிருக்கிறன். நான் சாத்திரியார் இல்லை, சொந்தக்காரருக்கும் தெரிஞ்ச ஆக்களுக்கும் குறிப்பு (சாதகம்) ஒழுங்குபடுத்திக் குடுத்துப் பழகின ஆள், அதால நடக்குமா நடக்காதா எண்ட பலன் இதில இல்லை. என்னத்தைப் பாக்கினம், எப்பிடிக் கணக்குப் போடினம், எங்க பிழைக்கிது எண்டதுதான் இருக்கு.

பொருத்தம் பாக்கிறது எண்டா என்னத்தைப் பாக்கினம்?

ரெண்டு கட்டம் இருக்கு. முதலாவது நட்சத்திரப் பொருத்தம், அதுக்குப் பிறந்த நட்சத்திரமும் ராசியும் தெரிஞ்சாக் காணும். தினம், கணம், மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை எண்டு பத்து. நாடி, விருட்சம் ரெண்டையும் சேத்து பன்னிரண்டு பாக்கிற ஆக்களும் இருக்கினம். பெண்ணின்ர நட்சத்திரத்தில இருந்துதான் மாப்பிள்ளையின்ர நட்சத்திரத்துக்கு எண்ணிறது, மாறி எண்ணினா விடையும் மாறும்.

ரெண்டாவது சாதகப் பொருத்தம். லக்கினம் (பிறந்த நேரத்தில கிழக்கில உதிக்கிற ராசி), அதில இருந்து எண்ணி வாற ஏழாம் வீடு, செவ்வாய், மற்றப் பாவக் கிரகங்கள், ரெண்டு பேருக்கும் இப்ப என்ன தசை (ஒரு கிரகத்தின்ர காலம்) நடக்குது, ஒரே காலத்தில ரெண்டு பேருக்கும் தசை மாறுதா எண்டு பாக்கிறது. போன்ல இருக்கிற அப் கனக்க முதலாவதைப் போட்டு ஒரு நம்பரைக் குடுத்துப்போட்டு விட்டிடும், வீட்டில அதைப் பாத்து சந்தோசப்படுவினம் இல்லாட்டி மூஞ்சையைத் தொங்கப்போடுவினம், ரெண்டாவதைப் பாக்கிறதுக்கு முன்னமே எல்லாம் முடிஞ்சிடும்.

பத்துக்கு எத்தினை வந்தாச் சரி?

எண்ணிக்கையை மட்டும் வச்சு முடிவெடுக்கிறேல்லை. இந்தியாவில வடக்குப் பக்கம் 36 புள்ளி முறை, அதில 18க்குக் கீழ வந்தா வேண்டாம் எண்டு விடுவினம். எங்கட முறையில பத்தும் ஒரே நிறை இல்லை, ரஜ்ஜுவுக்கு இருக்கிற மரியாதை வசியத்துக்கு இல்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்பம். பெண் ரோகிணி, மாப்பிள்ளை திருவோணம். ரோகிணியில இருந்து எண்ணினா திருவோணம் பத்தொன்பதாவது. மாகேந்திரம் இருக்கு, ஸ்திரீ தீர்க்கம் இருக்கு, பெண் மனுஷ கணம் மாப்பிள்ளை தேவ கணம் அதுவும் சரி, யோனியில (நட்சத்திரத்துக்குரிய மிருகம்) பாம்பும் குரங்கும், பகை இல்லை. ரிஷபத்துக்கு மகரம் ஒன்பதாம் ராசி, நல்லது. அந்த ரெண்டு ராசிக்கும் அதிபதியான சுக்கிரனும் சனியும் நட்பு. வேதை இல்லை. தினமும் வசியமும் வராது. ஆக ஏழு. அப்ல பச்சைக் கலர்ல காட்டும். ஆனா ரெண்டு பேரும் கண்ட ரஜ்ஜு, எங்கட பழைய சாத்திரிமார் இதைப் பாத்த உடன குறிப்பை மடிச்சுத் திருப்பித் தந்திடுவினம்.

ரஜ்ஜு எண்டா என்ன, ஏன் அவ்வளவு பயம்?

27 நட்சத்திரத்தையும் உடம்பில அஞ்சு இடமாப் பிரிச்சிருக்கு: பாதம், தொடை, நாபி, கண்டம், சிரசு. அச்சுவினி பாதம், பரணி தொடை, கார்த்திகை நாபி, ரோகிணி கண்டம், மிருகசீரிடம் சிரசு, அங்கால இறங்குமுகம், திருவாதிரை கண்டம், புனர்பூசம் நாபி, பூசம் தொடை, ஆயிலியம் பாதம். இப்பிடி ஒன்பது ஒன்பதா மூண்டு தரம் ஏறி இறங்கினா 27 முடிஞ்சுது. அதாலதான் சிரசில மூண்டே மூண்டு நட்சத்திரம் (மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம்), மற்ற நாலிலயும் ஆறு ஆறு.

ரெண்டு பேரும் ஒரே ரஜ்ஜு எண்டாப் பொருத்தம் இல்லை. சிரசு எண்டா கணவன்ர ஆயுள், கண்டம் எண்டா மனைவியின்ர ஆயுள், நாபி பிள்ளை, தொடை பணம், பாதம் அலைச்சல் எண்டு பலன் சொல்லி வச்சிருக்கினம், பயம் அதில இருந்து வாறதுதான். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கோ, எந்த ரெண்டு பேரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அஞ்சு சோடியில ஒரு சோடி ஒரே ரஜ்ஜுவில வந்து விழும். அப்ப காலி வீதியில இப்ப கைகோர்த்துக்கொண்டு போற வயசான சோடியள்லயும் அஞ்சில ஒண்டு அப்பிடித்தான் இருக்கும், அவையின்ர காலத்தில ஆரும் பாக்கேல்லை எண்டா.

விதிவிலக்கும் இருக்கு. ஒருத்தர் ஏறுமுகத்தில மற்றவர் இறங்குமுகத்தில இருந்தா தோஷம் குறைவு எண்டு ஒரு பகுதி சாத்திரிமார் சொல்லுவினம். மேல சொன்ன ரோகிணி திருவோணம் ரெண்டும் ஏறுமுகம், அதால அந்தச் சோடிக்கு இது உதவாது. ரோகிணிக்குத் திருவாதிரை வந்தா உதவும். ‘ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை’ எண்டு சொன்னா எந்த ரஜ்ஜு, ஏறுமுகமா இறங்குமுகமா எண்டு திருப்பிக் கேளுங்கோ. தெரிஞ்சவர் எண்டா விளக்கம் சொல்லுவார், தெரியாதவருக்குக் கோவம் வரும்.

மகள் 1998ல பிறந்தவ. ரெண்டு சாத்திரியாரிட்டக் குடுத்தா ரெண்டு லக்கினம் வருது. எப்பிடி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீட்டி எழுதப்போறன், ஏனெண்டா இப்ப கலியாண வயசில இருக்கிற எங்கட பிள்ளையளின்ர குறிப்பில வாற குழப்பத்தில பெரிய பங்கு இதாலதான்.

1996ல மழை இல்லை, கரண்ட் இல்லை, அதுக்காண்டி அந்த வருசம் மே 25ஆம் திகதி நாட்டில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை. ஒக்டோபர் கடைசியில அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்திச்சினம், மிச்ச அரை மணித்தியாலம் அப்பிடியே நிண்டுது. 2006ல வருசப் பிறப்பு முடிஞ்ச கையோட ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழைய நேரத்துக்கு வந்தது. ஆக 1996 மே தொடக்கம் 2006 ஏப்ரல் மட்டும் கொழும்பு ஆஸ்பத்திரியில காலமை 6.30 எண்டு எழுதி இருந்தா அது பழைய கணக்கில 6 மணி, 1996இன்ர அந்த அஞ்சு மாசத்துக்குள்ள எண்டா 5.30.

லக்கினம் கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறும், ஒரு பாகைக்கு நாலு நிமிசம். அரை மணித்தியாலம் பிழைச்சா ஏழரைப் பாகை, 30 பாகைக்குள்ள அது கால்வாசி. நாலு பிள்ளையில ஒண்டுக்கு லக்கினமே மாறிப்போகும். லக்கினம் மாறினா ஏழாம் வீடு மாறும், செவ்வாய் நிக்கிற வீடு மாறும், இல்லாத செவ்வாய்க் குற்றம் வரும், இருந்த குற்றம் காணாமப் போகும். நட்சத்திரம் ஒரு நாள் அளவுக்கு நிக்கிறதால அது பெரும்பாலும் தப்பிடும், ஆகவேதான் ரெண்டு சாத்திரியாரும் நட்சத்திரத்தை ஒண்டாச் சொல்லி லக்கினத்தை வேற வேறயாச் சொல்லுறது. ஒருத்தர் அரை மணித்தியாலத்தைக் கழிச்சிருப்பார், மற்றவர் கழிச்சிருக்க மாட்டார், இல்லாட்டி சொஃப்ட்வெயார் தானாக் கழிச்ச பிறகு இவரும் கையால ஒருக்காக் கழிச்சிருப்பார்.

வன்னியில பிறந்த பிள்ளை எண்டா இன்னொரு சிக்கல். புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த இடங்கள்ல அந்த மாத்தத்தை ஏற்கேல்லை, பழைய நேரமே ஓடினது. அங்க பிறந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தைக் கழிச்சா அதுதான் பிழை. அம்மாவிட்டக் கேளுங்கோ, பிறந்தது எந்த இடத்தில, பாத்த மணிக்கூடு எந்த நேரம் காட்டினது எண்டு. இடம்பெயர்ந்ததில குறிப்பே துலைஞ்சு போய் “விடியப்புறம், கோழி கூவேக்க” எண்ட அளவுக்குத்தான் ஞாபகம் இருக்கு எண்டா, லக்கினத்தை வச்சு ஆரும் அடிச்சுச் சொன்னாலும் நம்பவேண்டாம், நட்சத்திரப் பொருத்தத்தோட நிப்பாட்டுங்கோ.

லண்டன், ரொறன்ரோவில பிறந்த மாப்பிள்ளைக்கும் இதே கதைதான், சமர் டைம்ல பிறந்திருந்தா ஒரு மணித்தியாலம் கழிக்கவேணும்.

யாழ்ப்பாணத்தில பிறந்தவருக்குக் கொழும்பில குறிப்பு எழுதினாப் பிழைக்குமா?

சில நிமிச வித்தியாசம்தான். லக்கினம் மாறிற எல்லையில பிறந்தாலொழியப் பிரச்சினை இல்லை. பிறந்த ஊரைச் சரியாச் சொல்லுங்கோ, எங்க இருந்து எழுதினா என்ன.

வாக்கியமா திருக்கணிதமா?

எங்கட வீடுகள்ல கன காலமா ரெண்டும் இருக்கு. இரகுநாதையர் பஞ்சாங்கம் வாக்கியம், மற்றது திருக்கணிதம். வாக்கியம் பழைய சூத்திரக் கணக்கு, திருக்கணிதம் இண்டைக்கு வானத்தில கிரகம் நிக்கிற இடத்துக்கு ஒத்துப்போற கணக்கு. ரெண்டுக்கும் இடையில நட்சத்திரம் முடியிற நேரம் சில மணித்தியாலம் கூட வித்தியாசப்படும், அந்த இடைவெளிக்குள்ள பிறந்த பிள்ளைக்கு ஒண்டில பூசம் மற்றதில ஆயிலியம் எண்டு வரும். சனி எண்டா இன்னும் மோசம், திருக்கணிதப்படி 2025 மார்ச் 29ல சனி மீனத்துக்குப் போயிற்று, வாக்கியக்காரருக்கு அதுக்குப் பிறகும் ஒரு வருசம் கிட்டக் கும்பத்திலதான்.

எது சரி எண்ட சண்டைக்கு நான் வரேல்லை. ஆனா ஒருத்தரின்ர குறிப்பு வாக்கியத்திலயும் மற்றவரின்ர குறிப்பு திருக்கணிதத்திலயும் இருக்க, அப்பிடியே ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பொருத்தம் பாக்கிறது சரியே இல்லை, அதுதான் கொழும்பில ஒவ்வொரு கிழமையும் நடக்குது. அப்கள் பெரும்பாலும் திருக்கணிதம், அம்மம்மா எழுதுவிச்ச கொப்பி வாக்கியம். பிறந்த திகதி, நேரம், ஊர் மூண்டையும் ரெண்டு பக்கத்திலயும் வாங்கி ஒரே பஞ்சாங்கத்தில திருப்பி எழுதுவிச்சுப் பாருங்கோ.

செவ்வாய் குற்றம் இருக்கிற பிள்ளைக்கு என்ன செய்யிறது?

முதல்ல ஒரு கணக்கு. லக்கினத்தில இருந்து 2, 4, 7, 8, 12ஆம் வீட்டில செவ்வாய் நிண்டாக் குற்றம். பன்னிரண்டு வீட்டில அஞ்சு, எண்டா நூறு பேரில 42 பேருக்கு இருக்கும். சில சாத்திரிமார் சந்திரனில இருந்தும் பாக்கவேணும் எண்டுவினம், அப்பிடிப் பாத்தா 66 பேர் அளவில. சுக்கிரனில இருந்தும் எண்டா 80க்குக் கிட்ட. ஊரில முக்கால்வாசிக்கு மேல இருக்கிற ஒண்டைக் குற்றம் எண்டு சொல்லி ஒரு பிள்ளையை மூலையில இருத்தி வைக்கிறது என்ன நியாயம் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

இதனாலதான் நிவர்த்தி எண்டு நீளமான பட்டியல் இருக்கு. செவ்வாய் சொந்த வீடான மேஷம், விருச்சிகத்தில நிண்டாலோ, மகரத்தில உச்சமா நிண்டாலோ, வியாழன் பாத்தாலோ குற்றம் இல்லை அல்லது குறைவு. எங்கட ஆக்கள் 7லயும் 8லயும் நிண்டாத்தான் கனக்கப் பயப்பிடுவினம், 2, 4, 12 எண்டாக் கொஞ்சம் இறங்கி வருவினம். ரெண்டு பேருக்கும் இருந்தா ஒண்டுக்கொண்டு சரி, அதில ஆருக்கும் பிரச்சினை இல்லை.

செவ்வாய் ஒரு ராசியில வழமையா ஒண்டரை மாசம் அளவில நிக்கும். அந்த ஒண்டரை மாசத்தில பிறந்த எல்லாருக்கும் செவ்வாய் ஒரே ராசிதான், ஏழாம் வீடா ஆறாம் வீடா எண்டு தீர்மானிக்கிறது பிறந்த நேரம். 96 தொடக்கம் 2006 மட்டும் பிறந்த பிள்ளைக்குச் செவ்வாய் எண்டு சொன்னா, மேல எழுதின அரை மணித்தியாலத்தைச் சரிபாக்காம அழத் தொடங்காதேங்கோ.

பேப்பர்ல “பாவம் 32” எண்டு போடினமே, அது என்ன?

வீரகேசரி, தினக்குரல் ஞாயிற்றுக்கிழமை மணமகன் தேவை பக்கத்தில நட்சத்திரம், செவ்வாய், பாவம் எண்டு வரிசையா வரும். செவ்வாய், சனி, ராகு, கேது, சூரியன் எல்லாம் கூடாத வீடுகள்ல நிக்கிறதுக்குப் புள்ளி போட்டுக் கூட்டின தொகைதான் கிரக பாவம். ரெண்டு பேரின்ர தொகையும் கிட்டக் கிட்ட இருக்கவேணும், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூட இருந்தாப் பரவாயில்லை எண்டு பாக்கினம். புள்ளி போடுற முறை ஆளுக்காள் மாறும், அதால உங்கட சாத்திரியார் போட்ட 32ஐயும் அவையின்ர சாத்திரியார் போட்ட 45ஐயும் ஒப்பிட்டு ஒண்டும் வராது. ஒரே ஆள் ரெண்டையும் போடவேணும்.

மகள் மூலம். வாற சம்பந்தம் எல்லாம் அதோட திரும்பிப் போகுது.

மூலம் மாமனாருக்கு, ஆயிலியம் மாமியாருக்கு, கேட்டை மூத்த மச்சானுக்கு, விசாகம் இளைய மச்சானுக்குக் கூடாது எண்ட கதை. சொல்லுற சாத்திரத்திலயே குறிப்பிட்ட பாதத்துக்குத்தான் சொல்லியிருக்கு, மூலத்தில முதலாம் பாதம் எண்ட மாதிரி, மற்றப் பாதங்களுக்கு இல்லை. பாதம் எண்டுறது ஒரு நட்சத்திரத்தில கால்வாசி, ஆறு மணித்தியாலம் அளவு. எந்தப் பாதம் எண்டு குறிப்பிலயே பெரிசா எழுதி அனுப்புங்கோ. மாமனார் ஏற்கனவே காலமான வீடு எண்டா மூலத்தைப் பற்றி மூச்சும் விட மாட்டினம், அதையும் கவனிச்சிருப்பியள்.

ரெண்டு பேருக்கும் ஒரே நட்சத்திரம், செய்யலாமா?

ரோகிணி, திருவாதிரை, மகம், அத்தம் மாதிரி சிலதுக்குச் செய்யலாம் எண்டு விதி இருக்கு. ஒரே நட்சத்திரம் எண்டா ரஜ்ஜுவும் ஒண்டாத்தானே இருக்கும், அப்ப ரஜ்ஜு எங்க போனது எண்டு கேட்டா அதுக்கு இந்த விதிதான் விலக்கு எண்டு சொல்லுவினம். நடைமுறையில யோசிக்கவேண்டியது வேற: ஒரே ராசி எண்டா ஏழரைச் சனி ரெண்டு பேருக்கும் ஒண்டாத் தொடங்கி ஒண்டா முடியும், ஏழரை வருசம். அதை நம்பிற வீட்டில ரெண்டு பக்கத்து அம்மாமாரும் ஒரே நேரத்தில பயப்பிடுவினம்.

நாங்கள் ஏற்கனவே விரும்பிட்டம். குறிப்புக் குடுக்கவேணுமா?

முடிவெடுத்திட்டியள் எண்டாப் பொருத்தம் பாக்கக் குடுக்காதேங்கோ, நாள் வைக்க மட்டும் குடுங்கோ. பாத்து ‘இல்லை’ எண்டு வந்தா நீங்கள் விடப்போறேல்லை, ஆனா அம்மாவின்ர மனசில அது கிடக்கும், பிறகு உங்கட வீட்டில ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்தக் கதைதான் எழும்பும். மனப்பொருத்தம் இருந்தா மற்றதைப் பாக்கவேண்டாம் எண்டு சொல்லுற சாத்திரிமாரும் இருக்கினம், வீட்டில ஒத்துக்கொள்ள ஆள் வேணும் எண்டா அப்பிடி ஒருத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. நாலு பேரிட்டப் போய் அஞ்சாவது ஆள் ‘ஓம்’ எண்டு சொன்ன பிறகு எழுத்து (கலியாணப் பதிவு) வைக்கிற வீடுகள் கொழும்பில குறைவில்லை.

புரோக்கர் குறிப்பைக் கொஞ்சம் ‘திருத்தி’த் தாறன் எண்டுறார்.

வேண்டாம். நேரத்தை இருபது நிமிசம் தள்ளிச் செவ்வாயை ஒளிச்சுவிடுவார், நாளைக்கு மகளே தன்ர போன்ல போட்டுப் பாத்தா வெளிய வந்திடும். சாத்திரத்தை நம்பிற வீட்டை ஏமாத்தினா அவை அதை மறக்க மாட்டினம், நம்பாத வீட்டுக்குத் திருத்தவே தேவையில்லை.

“குறிப்புப் பொருந்தேல்லையாம்” எண்டு சொல்லிப்போட்டினம். வேற சாத்திரியாரிட்டக் காட்டட்டா?

எங்கட ஊரில மரியாதையா ‘வேண்டாம்’ எண்டு சொல்லுற வழி இது. சம்பளம் காணாது, ஊர் பிடிக்கேல்லை, சீதனம் குறைவு, சாதி, போட்டோவில நிறம், வெளிநாட்டு விசா, இதில எது காரணமா இருந்தாலும் வாயால வாறது ‘பொருந்தேல்லை’தான். கேவலமான காரணமும் அதுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும், நல்ல மனசில சொல்லுறதும் இருக்கும். அதால உங்கட செலவில இன்னொருத்தரிட்டக் காட்டி ‘பொருந்துது’ எண்டு கடதாசி வாங்கிக்கொண்டு போனாலும் ஒரு பிரயோசனமும் இல்லை, ரெண்டாம் தரம் வேற காரணம் சொல்லுவினம். உண்மையிலேயே விருப்பம் இருக்கிற வீடு எண்டா அவையே “நீங்களும் ஒருக்காப் பாருங்கோவன்” எண்டு எடுப்பினம்.

அவர் கத்தோலிக்கம், குறிப்பே இல்லை.

பேரின்ர முதல் எழுத்தை வச்சு நட்சத்திரம் எடுக்கிற முறை இருக்கு, சு, சே, சோ, ல எண்டா அச்சுவினி எண்ட மாதிரி. ஞானஸ்நானத்தில வச்ச பேரை இப்பிடிப் பாக்கிறதில எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்குப் பிறந்த திகதியும் நேரமும் தெரிஞ்சாப் புதிசா எழுதுவிக்கலாம், தெரியாட்டி விடுங்கோ. முந்தி பிறந்த நேரம் தெரியாத பெண்ணுக்கு ருது சாதகம் (பெரியபிள்ளையான நேரத்தை வச்சு எழுதிறது) பாத்தவை, இந்தக் காலத்தில ஒரு பிள்ளையிட்ட அதைக் கேக்கிறது அழகில்லை.

சிங்களப் பகுதியிலயும் பாக்கினமா?

ஓம். அவையிட்ட இருபது பொருத்தம், பொரொந்தம் எண்டு சொல்லுவினம். அடிப்படை ஒண்டுதான், அதே 27 நட்சத்திரம், அதே கணம், யோனி. எங்கடயும் அவையிடயும் பின்னிப் பிணைஞ்சது இண்டைக்கு நேற்று இல்லை, 1310ல தம்பதெனியா அரசவையில அரங்கேறின சரசோதிமாலை தமிழில எழுதின சோதிட நூல்தான். கலப்புக் கலியாணத்தில ரெண்டு பக்கமும் பாக்க நிண்டா ஒரே ஆளிட்ட ரெண்டு முறையிலயும் பாக்கச் சொல்லுங்கோ.

நாடிப் பொருத்தம் இருந்தா ரத்தப் பிரச்சினை வராது எண்டுறது உண்மையா?

இல்லை. நாடி நட்சத்திரத்தில இருந்து வாறது, ரத்தத்தில இருந்து வாறேல்லை. தலசீமியா எண்ட பரம்பரை ரத்த நோயின்ர காவியா (தனக்கு நோய் இல்லாமப் பிள்ளைக்குக் கடத்தக்கூடிய ஆளா) எண்டு ரெண்டு பேரும் ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாருங்கோ, ரெண்டு பேரும் காவி எண்டா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு நோய் வரச் சந்தர்ப்பம் இருக்கு. குறிப்பு வாங்கிற நேரமே இதையும் கேக்கலாம், டொக்டரிட்டப் போறதுக்கு வெக்கப்பட ஒண்டும் இல்லை.

பொருத்தம் சரி வந்திட்டுது, அடுத்தது?

நாள். ஆடி, மார்கழி விடுவினம், மிச்ச மாசத்தில நல்ல முகூர்த்தம் எண்டா எல்லாரும் ஒரே நாளுக்கு நிப்பினம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபமோ வெள்ளவத்தை ராமகிருஷ்ண மண்டபமோ அண்டைக்குக் கிடைக்காது. அதால ஐயரிட்ட ஒரு நாளை வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடாம, மூண்டு நாலு நாளை எழுதி வாங்கிக்கொண்டு போங்கோ. பொன்னுருக்கு (தாலிக்குப் பொன் உருக்கிற சடங்கு) நாளையும் அப்பவே கேட்டு எழுதுங்கோ. வெளிநாட்டு மாப்பிள்ளை எண்டா விசா அலுவலுக்கு எழுத்தை முன்னமே வைக்கவேண்டி வரும், அதுக்கும் ஒரு சின்ன நாள் பாத்துத் தரச் சொல்லுங்கோ, இல்லாட்டி மாமியார் பிறகு கேப்பா.

வாட்ஸ்அப்ல குறிப்பு அனுப்பேக்க என்னென்ன போடுறது?

பிறந்த திகதி, நேரம், காலமையா பின்னேரமா எண்டு எழுத்தில, பிறந்த ஊர், 1996–2006க்குள்ள எண்டா மணிக்கூட்டு நேரத்தை மாத்தாம அப்பிடியே எழுதி ‘கழிக்கேல்லை’ எண்டு ஒரு சொல், நட்சத்திரமும் பாதமும், எந்தப் பஞ்சாங்கம். ராசிச் சக்கரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினா வெளிச்சத்தில வச்சு எடுங்கோ, கனபேர் அனுப்பிறதில 7ஆம் வீட்டில இருக்கிறது ‘செ’வா ‘கே’வா எண்டு வாசிக்கவே ஏலாது.